ஈயின் முகத்தைக் காட்டுங்கள்

பயணத்தில் எடுத்த ஈப் படங்களை அனுப்பி, பெயர் கேட்டு எழுதியிருந்த வாசகர்களின் கேள்விகளில் சில இங்கே. எல்லாப் படங்களையும் அச்சிட இடமில்லை. படத்தில் என்ன தெரிந்தது என்பதைப் பதிலோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

மலேசியாவில் ஒரு காட்டு ஓடைக் கரையில், இருட்டப்போகும் நேரத்தில் எடுத்த படம். ஈ ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. கண்கள் இரண்டும் தலையிலிருந்து நீண்ட குச்சிகளின் நுனியில் இருக்கின்றன. இது என்ன இனம்?

முதலில் ஒரு நன்றி. முகத்துக்கு நேராக எடுத்திருக்கிறீர்கள். எனக்கு வரும் படங்களில் பெரும்பாலானவை முதுகுப் படங்கள்தான்.

கண் காம்பு நுனியில் இருக்கிறது என்றதும் டையாப்சிடே குடும்பம் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் ஈக்களில் கண்காம்பு ஒரே குடும்பத்தின் சொத்து இல்லை. நியூகினியில் வாழும் அக்கியாஸ் என்ற பேரினத்துக்கும் அது உண்டு, அதன் குடும்பம் பிளாட்டிஸ்டோமாட்டிடே. அமெரிக்க வெப்பமண்டலத்து ரிச்சார்டிடே குடும்பத்திலும் சிலவற்றுக்கு உண்டு. பிரித்துச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. உணர்கொம்பு எங்கே முளைத்திருக்கிறது என்று பாருங்கள். டையாப்சிடேயில் கண்ணோடு சேர்ந்து உணர்கொம்பும் காம்பின் வெளிப்பக்கம் போய்விடும். அக்கியாஸில் கண் மட்டும் விலகிப் போயிருக்கும், உணர்கொம்புகள் முகத்தின் நடுவிலேயே நிற்கும். உங்கள் படத்தில் கண்ணுக்குச் சற்று உள்ளே ஒரு சின்ன முடி நீட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள், அதுதான் உணர்கொம்பு. ஆகவே டையாப்சிடே, சந்தேகமே இல்லை. முகம் தெரியாத படமாக இருந்தால் இதைச் சொல்லியிருக்க முடியாது.

நீங்கள் எழுதிய 'ஓடைக் கரை, இருட்டப்போகும் நேரம்' என்ற விவரமும் உதவுகிறது. அந்தப் பகுதியில் அதிகம் ஆராயப்பட்ட டிலியோப்சிஸ் டல்மானி என்ற இனம் பகலில் ஈரத் தரையில், அழுகும் இலைகளில் மேயும். மாலையில் ஓடைக் கரையில் தொங்கும் மெல்லிய வேர்களுக்கு வந்து கூட்டமாகத் தங்கும். ஒரு வேரில் ஓர் ஆணும் பல பெண்களும் இருக்கலாம். இன்னோர் ஆண் வந்தால் இரண்டும் முகத்துக்கு முகம் நின்று கண் அகலத்தை அளந்து பார்க்கும், குறைந்த அகலம் உள்ளது பெரும்பாலும் விலகிவிடும். பெண்களும் அகலக் கண் ஆணையே நாடுகின்றன. அதனால்தான் அந்த ஆண்களில் இரு கண்களுக்கும் இடையே உள்ள தூரம் உடலின் நீளத்தையே தாண்டிப் போகிறது.

உங்கள் ஈயும் டிலியோப்சிஸ் பேரினமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதற்கு மேல் போக மாட்டேன். இந்தக் குடும்பத்தில் மார்பின் மேலும் பக்கத்திலும் பின்முனையிலும் முள் போன்ற நீட்சிகள் இருக்கும். அவை எத்தனை ஜோடி, எங்கெங்கே என்பதை வைத்துத்தான் பேரினத்தை உறுதி செய்வார்கள். மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்த படம் கையில் இருந்தால் அனுப்புங்கள்.

காட்டுப் பாதையில் ஏறக்குறைய ஒவ்வோர் இலையிலும் ஒரு பச்சை ஈ மின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தாய்லாந்தில் எடுத்தது. செல்போன் செயலி உடனே ஒரு பெயர் கொடுத்தது. தேடிப் பார்த்தால் அது வட அமெரிக்க ஈ! செயலியை நம்பலாமா, கூடாதா?

செயலி பாவம், அதற்குத் தெரிந்ததைச் சொல்கிறது. ஏற்கெனவே பெயரிடப்பட்ட படங்களை வைத்துத்தான் அதற்குப் பழக்கம் கொடுத்திருக்கிறார்கள். எந்த ஊர் ஈயை நிறையப் பேர் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்களோ, அந்த ஈயை அது நன்றாக அறியும். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் படம் எடுப்பவர்கள் அதிகம். வெப்பமண்டலக் காட்டில் இனங்கள் அதிகம், படங்கள் குறைவு. அதனால் செயலி தன்னிடம் இருப்பதில் மிக நெருக்கமான ஒன்றை எடுத்து நீட்டிவிடுகிறது. குடும்ப அளவில் அது சொல்வது பெரும்பாலும் சரியாக வரும். இனத்தின் பெயரை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த இனம் எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டாலே பாதித் தவறுகள் நின்றுவிடும்.

உங்கள் ஈ டோலிகோபோடிடே குடும்பம். நீளமான மெல்லிய கால்கள், இலையின் மேல்பரப்பில் உடலைத் தூக்கி நிமிர்ந்து நிற்கும் தோரணை, இரண்டு அடி நடந்து மறுபடி நிற்பது, எல்லாம் அதற்குரியவை. பச்சையாக மின்னும் லூசிலியா என்ற ஈ வகையோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. லூசிலியா தடித்த உடம்பு, குட்டைக் கால், அழுகலையும் சாணத்தையும் தேடிப் போவது. உங்களுடையது வேட்டை ஈ. இலையில் ஊரும் மெல்லுடல் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும்.

இந்தக் குடும்பத்தில் 7,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. இனத்தைப் பிரிக்க ஆணின் கால்களில் இருக்கும் விசேஷ முடிகளையும் வயிற்று முனையில் மடிந்திருக்கும் உறுப்பையும் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பெண்ணாக இருந்தால் ஆய்வுக்கூட நிபுணரே கையை விரிப்பது உண்டு. நிறத்தை வைத்துச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். அந்தப் பச்சை சாயத்தால் வந்தது இல்லை, மேல்தோலின் அடுக்கமைப்பில் வெளிச்சம் சிதறுவதால் வருவது. கோணம் மாறினால், ஃபிளாஷ் போட்டால், அதே ஈ பொன்னிறமாகவும் செம்பு நிறமாகவும் தெரியும். அடுத்தடுத்து எடுத்த உங்கள் இரண்டு படங்களையே ஒப்பிட்டுப் பாருங்கள், ஒன்றில் பச்சை, இன்னொன்றில் நீலம்.

ஐநேச்சுரலிஸ்ட் போல உயிரினப் படங்களைப் பகிரும் தளத்தில் பதிவு செய்வதாக இருந்தால், குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்ள அதில் வழி இருக்கிறது. தயங்காமல் அப்படியே போடுங்கள். செயலி கொடுத்த இனப் பெயரை ஒருவர் சொடுக்க, அதைப் பார்த்து இன்னொருவர் ஆமோதிக்க, ஒரு வட அமெரிக்க ஈ தாய்லாந்து வரைபடத்தில் ஏறிவிடும். பிறகு அதை இறக்குவது பெரிய பாடு.

கண் சிவப்பாக இருந்தால் ட்ரோசோஃபிலாதானே?

இல்லை. சிவப்புக் கண் பல குடும்பங்களில் உண்டு. வேறு படம் அனுப்புங்கள்.

புதர் இலையில் கருநீலமாக ஒரு சின்ன வண்டு. பெரிதாக்கிப் பார்த்தபோது முகம் ஈ மாதிரி இருக்கிறது. எனக்குத்தான் கண் சரியில்லையா?

உங்கள் கண் பிரமாதம். அது ஈதான், குடும்பம் செலிஃபிடே. ஈக்களின் மார்புக்குப் பின்னால் முக்கோணமாக ஒரு சிறு தகடு இருக்கும். இந்தக் குடும்பத்தில் அந்தத் தகடு உப்பிப் பெருத்து வயிறு முழுவதையும் மூடிவிடுகிறது. இறக்கைகள் அதற்கு அடியில் மடங்கிக் கிடக்கும். வண்டின் ஓட்டில் நடுவே நீளமாக ஒரு பிளவு இருக்கும், இதில் அந்தக் கோடு இருக்காது. அடுத்த முறை அதைத் தேடிப் பாருங்கள். முன்பக்கமிருந்து பார்த்தால் குட்டையான, நுனியில் முடியோடு கூடிய ஈயின் உணர்கொம்பு தெரியும்.

இந்தக் குடும்பம் ஆசிய, ஆப்பிரிக்க வெப்பமண்டலங்களில் வாழ்வது. படம் எந்த நாட்டில் எடுத்தது என்று நீங்கள் எழுதவில்லை. தென் அமெரிக்கா என்று சொல்லியிருந்தால் நான் இன்னொரு முறை உட்கார்ந்து யோசித்திருப்பேன்.

செல்போனில் எடுக்கிறேன். ஈ நிற்பதே இரண்டு நொடி. எப்படி எடுத்தால் உங்களால் பெயர் சொல்ல முடியும்?

நின்றவுடன் ஒரு படம் எடுத்துவிடுங்கள், எவ்வளவு தூரமாக இருந்தாலும் சரி. பிறகு ஓர் அடி நெருங்கி இன்னொன்று, இன்னும் நெருங்கி இன்னொன்று. உங்கள் நிழல் அதன் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈக்கு நிழல்தான் முதல் எச்சரிக்கை. விடியற்காலையில் உடம்பு சூடேறாத நேரத்தில் நிறைய நேரம் நிற்கும். இரவில் டார்ச் வைத்து இலைகளின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் தூங்கும் ஈக்களை நிதானமாகவே எடுக்கலாம். இதை அதிகம் பேர் முயல்வதில்லை.

எனக்கு வேண்டியது மூன்று கோணம்: நேர் மேலிருந்து, நேர் பக்கத்திலிருந்து, முகம். இவற்றில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் இறக்கை முழுவதும் ஒரே தெளிவில் இருக்கும் படமாக எடுங்கள். ஈக்களின் முகவரி இறக்கை நரம்புகளில் இருக்கிறது. பூக்களின் மேல் அந்தரத்தில் நிற்கும் சிர்ஃபிடே குடும்பத்தைத் தேனீ என்றும் குளவி என்றும் நினைத்து எத்தனையோ பேர் படம் அனுப்புகிறார்கள். அதன் இறக்கை நடுவில் எந்த நரம்போடும் சரியாகச் சேராமல் ஒரு பொய் நரம்பு ஓடும். அது தெரிந்துவிட்டால் வாதமே இல்லை. அப்புறம், தேனீக்கும் குளவிக்கும் நான்கு இறக்கை, ஈக்கு இரண்டுதான். பின் இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் நுனி தடித்த ஒரு சிறு குமிழ் இருக்கும். பக்கவாட்டுப் படம் கேட்பது இதற்காகவும்தான்.

அளவு தெரிய வேண்டும். ஈ பறந்துபோன பிறகு, அது உட்கார்ந்த அதே இலையில் உங்கள் விரல் நுனியை வைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள், போதும்.

செய்யக் கூடாத ஒன்றும் உண்டு. படத்தை அழகாக்கும், கூர்மையாக்கும் எந்த வசதியையும் தொடாதீர்கள். செல்போன் கேமராவே தானாக நிறையக் கூர்மைப்படுத்துகிறது. அதற்கு மேல் நீங்களும் ஒரு கை பார்த்தால், இல்லாத முடி முளைக்கும், இருந்த முடி காணாமல் போகும். மார்பில் முடி எத்தனை வரிசை, தலை உச்சியில் முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றெல்லாம் எண்ணித்தான் பல குடும்பங்களைப் பிரிக்கிறோம். மங்கலான உண்மைப் படம் எனக்குப் போதும்.

முடிந்தால் ஐந்து நொடி வீடியோ எடுங்கள். என்னைக் கேட்டால் இருபது படங்களைவிட அது மேல். வெள்ளை நுனி கொண்ட முன்கால்களைத் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டிக்கொண்டே நெட்டைக் கால்களில் நடந்தால் மைக்ரோபெசிடே. கூன் விழுந்த முதுகோடு விட்டு விட்டு வேகமாக ஓடினால் ஃபோரிடே. புள்ளியும் பட்டையும் போட்ட இறக்கைகளை மாறி மாறித் துடுப்புப் போடுவதுபோல் அசைத்தால் டெஃப்ரிட்டிடே பக்கம் தேடலாம். எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் பழுப்பு ஈ ஒன்று காவல்காரர் மாதிரி நின்று, எறும்பின் வாயிலிருந்து இரையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினால் அது பெங்காலியா. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பார்க்கலாம். படத்தில் அது வெறும் பழுப்பு ஈ, அவ்வளவுதான்.

இடமும் தேதியும் படத்தோடு பதிவாகிறதா என்று பாருங்கள். நாடு மாறும்போது கேமரா கடிகாரத்தை மாற்ற மறப்பவர்கள் அதிகம். நள்ளிரவு 2 மணிக்கு வெயிலில் பூ மேயும் ஈயை எனக்கு அடிக்கடி அனுப்புகிறார்கள்.

ஒரு பழத்தின் மேல் முட்டையிட்டுக்கொண்டிருந்த ஈ இது. மார்பில் இரண்டு மஞ்சள் பட்டை, வயிற்றில் கறுப்பாக ஆங்கில T எழுத்துப் போன்ற குறி. படம் மிகத் தெளிவாக இருக்கிறது. இப்போதாவது இனப் பெயர் சொல்வீர்களா?

படம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. பாக்டிரோசெரா பேரினம். டார்சாலிஸ் கூட்டத்தைச் சேர்ந்த பெண் ஈ. 'கூட்டம்' என்று சொல்லி நழுவுவதாக நினைக்காதீர்கள். இதன் பின்னால் ஒரு நீண்ட வழக்கு இருக்கிறது.

பாக்டிரோசெரா டார்சாலிஸுக்கு 1912-ல் பெயர் வைத்தார்கள். பழத் தோட்டங்களை நாசம் செய்யும் பூச்சி என்பதால் எந்த நாட்டு எல்லையிலும் இதைக் கண்டால் அலறுவார்கள். 1994-ல் இதோடு மிக நெருங்கிய ஈக்களைப் பல தனி இனங்களாகப் பிரித்தார்கள். பப்பாயே, பிலிப்பினென்சிஸ் இரண்டும் அப்போது வந்த பெயர்கள். 2003-ல் கென்யாவில் ஒரு புதிய பழ ஈ தென்பட்டு வேகமாகப் பரவியது. அதற்கு 2005-ல் இன்வேடன்ஸ் என்று பெயர். இந்தப் பெயர்களை வைத்துத்தான் எந்த நாட்டிலிருந்து எந்தப் பழத்தை அனுமதிப்பது என்று தீர்மானித்தார்கள். பிறகு உடல் அமைப்பு, மரபணு, இனச்சேர்க்கை, வாசனைப் பொருள் என எல்லாவற்றையும் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து ஒப்பிட்டார்கள். 2015-ல் வந்த முடிவு: பப்பாயே, பிலிப்பினென்சிஸ், இன்வேடன்ஸ் மூன்றுமே டார்சாலிஸ்தான். பெயர்கள் மறுபடி ஒன்றாயின.

அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், காரம்போலே போன்ற சில நெருங்கிய இனங்கள் இன்னும் தனித்தனியாகவே நிற்கின்றன. கால் தொடையில் புள்ளி இருக்கிறதா, இறக்கை விளிம்புப் பட்டை எவ்வளவு அகலம், வயிற்றுக் குறியின் ஓரம் எப்படி வளைகிறது என்று பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். இந்த அடையாளங்கள் ஒரே இனத்துக்குள்ளேயே மாறும். முட்டையிடும் உறுப்பின் நீளத்தை அளப்பதும் உண்டு, அது உங்கள் படத்தில் பழத்துக்குள் இருக்கிறது.

கென்யா சஃபாரி வண்டியில் கையில் வந்து உட்கார்ந்து கடித்த ஈயின் படம். ட்செட்சி ஈ என்று வழிகாட்டி சொன்னார். சரியா?

சரி. ட்செட்சி உட்காரும்போது ஓர் இறக்கையின் மேல் மற்றதை, மூடிய கத்தரிக்கோல் போல, முழுக்க ஏற்றி மடித்துக்கொள்ளும். உங்கள் படத்தில் அது தெளிவு. வாய்க் குழலும் முகத்துக்கு முன்னால் நேராக நீட்டிக்கொண்டிருக்கிறது. இறக்கையின் நடுவில் நரம்புகள் சூழ்ந்த ஒரு கட்டம் கோடாரித் தலை வடிவில் இருக்கும், வேறு எந்த ஈக்கும் அப்படி இல்லை. கடிக்கும் ஈக்களில் ஸ்டோமாக்சிஸுக்கும் வாய் முன்னால் நீண்டிருக்கும், ஆனால் இறக்கைகளை அகட்டி வைத்திருக்கும். டபானிடே என்ற பெரிய கடி ஈக்களுக்குக் கண்ணில் வண்ணப் பட்டைகள் மின்னுவதும் உண்டு.

ட்செட்சியில் சுமார் 30 வகைகள் உண்டு. எது என்று இந்தப் படத்தில் சொல்ல முடியாது, உங்களுக்கு அது முக்கியமும் இல்லை. எல்லா ட்செட்சியும் தூக்க நோய்க் கிருமியைச் சுமப்பதில்லை. ஆனால் கடித்த இடத்தில் புண் வந்தாலோ, ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போங்கள், ஆப்பிரிக்காவில் எந்தப் பகுதிக்குப் போனீர்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். எனக்குப் படம் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை நீல உடை, கறுப்பு உடை தவிர்த்துவிடுங்கள். அந்த நிறங்கள் இதை இழுக்கும், பொறிகளுக்கு நீலத் துணி கட்டுவதே அதனால்தான்.

எந்த நூலிலும், எந்தத் தளத்திலும் என் ஈ இல்லை. புது இனமாக இருந்தால் படத்தை வைத்தே அறிவிக்கலாமா?

இருக்கலாம். வெப்பமண்டலத்தில் பெயரில்லாத ஈக்கள் ஏராளம். ஆனால் உங்கள் தேடலில் கிடைக்கவில்லை என்பதும் பெயர் இல்லை என்பதும் வேறு வேறு. நூறாண்டுக்கு முன் ஜெர்மன் மொழியில் நான்கு வரி வர்ணனை எழுதி, படம் போடாமல் விட்டுப்போன ஈக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

படத்தை வைத்து அறிவித்த கதை நடந்திருக்கிறது. 2015-ல் ஸ்டீஃபன் மார்ஷல், நீல் எவென்ஹுயிஸ் என்ற இரண்டு ஈ நிபுணர்கள், தென்னாப்பிரிக்காவில் எடுத்த படங்களை மட்டும் வைத்து மார்லீமியா சைலோகோபே என்ற ஈக்குப் பெயர் வைத்தார்கள். தச்சன் தேனீயைப் போல வேஷம் போட்ட அழகான ஈ அது. அதற்குக் கிளம்பிய சண்டை கொஞ்சநஞ்சம் இல்லை. படம் மட்டும் போதாது என்று மறு ஆண்டு 490-க்கும் மேற்பட்ட வகைப்பாட்டியலாளர்கள் கையெழுத்திட்டு எழுதினார்கள். என் சாய்வு கையெழுத்திட்டவர்கள் பக்கம். அந்த ஈக்கு உருவம் எடுப்பாக இருந்ததால் பொருந்தியது. இலை ஈக்களில் இதை ஆரம்பித்தால் யாராலும் சரிபார்க்க முடியாத பெயர்கள்தான் குவியும்.

எனக்குப் பிடித்த முன்மாதிரி ஈ இல்லை, பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி ஒன்று. மலேசியக் காட்டில் ஒரு புகைப்படக்காரர் எடுத்து இணையத்தில் போட்டிருந்த படத்தை, கலிஃபோர்னியாவில் இருந்த ஷான் வின்டர்டன் என்ற பூச்சியியலாளர் 2011-ல் தற்செயலாகப் பார்த்தார். இறக்கையில் இருந்த கறுப்புக் குறி அவர் அறிந்த எதிலும் இல்லை. படத்தை வைத்துப் பெயர் வைக்காமல், பூச்சி கிடைக்கும்வரை பொறுத்தார். புகைப்படக்காரர் அதே இடத்துக்குத் திரும்பிப் போய் ஒன்றைப் பிடித்தார். லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்த ஒரு பழைய மாதிரியும் ஒத்துப்போனது. 2012-ல் செமாக்ரைசா ஜேட் என்ற பெயர் வந்தது. கட்டுரையில் புகைப்படக்காரரின் பெயரும் ஆசிரியர்களில் ஒன்றாக இருக்கிறது.

அப்படியானால் நானும் ஒன்றைச் சின்னக் குப்பியில் போட்டுக் கொண்டுவந்துவிடட்டுமா?

வேண்டாம். செத்த ஈயாக இருந்தாலும் பல நாடுகளில் பிடிக்க ஓர் அனுமதி, வெளியே கொண்டுபோக இன்னோர் அனுமதி வேண்டும். தேசியப் பூங்காவில் இன்னும் கடுமை. அனுமதி இல்லாத மாதிரியை ஒழுங்கான அருங்காட்சியகம் வாங்கிக்கொள்ளவும் செய்யாது. இடத்தைச் சரியாகக் குறித்துக்கொண்டு, அந்த நாட்டிலேயே இருக்கும் ஆய்வாளர் யாருக்காவது எழுதுங்கள்.

தங்கும் விடுதிக் குளியலறைச் சுவரில் இருந்த சாம்பல் நிறக் குட்டிப் பூச்சி. இதய வடிவம், உடம்பெல்லாம் முடி. அந்துப்பூச்சியா? படம் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் சுமார்.

எல்லாக் கேள்விக்கும் கையை விரிக்கிறேன் என்று கோபமாக இருப்பவர்களுக்காக இதைக் கடைசியாக வைத்தேன். இது ஈ. குடும்பம் சைக்கோடிடே, இனம் க்ளாக்மியா ஆல்பிபங்டேட்டா. சுமாரான ஒரே படத்தில் இனம்வரை சொல்கிறேன், காரணம் இறக்கை விளிம்பில் நரம்புகள் முடியும் இடங்களில் வரிசையாக இருக்கும் வெள்ளைப் புள்ளிகளும், நடுவில் இருக்கும் இரண்டு கரும்புள்ளிகளும். வெப்பமண்டலம் முழுக்க மனிதர் கட்டிய குழாய்களோடு பரவிவிட்ட ஈ. புழு, வடிகால் குழாயின் உட்சுவரில் படியும் வழுவழுப்பில் வளர்கிறது. கடிக்காது. இதே குடும்பத்தில் கடிக்கும் மணல் ஈக்களும் உண்டு. அவை இறக்கைகளைக் கூரைபோல் தாழ்த்தாமல் முதுகுக்கு மேல் தூக்கி வி வடிவில் வைத்திருக்கும், உங்களுடையது அப்படி இல்லை. பயமில்லாமல் குளியுங்கள். விடுதிக்காரரிடம் குழாயைத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள்.